மழைக்கு ஒதுங்கியவர்கள்

முதல் இரவு விடிந்தபோது கூடாரத்தின் உட்பக்கம் முழுக்க நீர்த்துளிகள். விரலால் தொட்டால் ஒன்றோடொன்று சேர்ந்து கோடாக வழிந்தன. மழை உள்ளே வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மாமல்லபுரத்தைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு சவுக்குத் தோப்பு அது. தோப்புக்காரரிடம் கேட்டுக்கொண்டு கூடாரம் அடித்திருந்தோம். சவுக்கு இலை மெத்தைபோல உதிர்ந்து கிடந்ததால் சேறில்லை. கடலா, காற்றா, மழையா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரே இரைச்சல் இரவு முழுக்க. என் கணவர் எழுந்து மேல்விரிப்பின் தையல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எங்கும் ஒழுகவில்லை. பிறகுதான் விளங்கியது. சாரலுக்குப் பயந்து வலைச் சன்னல்களை இறுக்க மூடிவிட்டோம். இருவரும் விட்ட மூச்சு வெளியேற வழியில்லாமல் குளிர்ந்த துணியில் பட்டு நீராகியிருந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஒரே அறையில் மூச்சு விட்டிருக்கிறோம். அதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

2022 நவம்பர் 8 அன்று, ஐப்பசிப் பௌர்ணமியில், சென்னையிலிருந்து கிளம்பினோம். அன்று சந்திர கிரகணமும்கூட. மேகத்தில் நிலாவும் தெரியவில்லை, கிரகணமும் தெரியவில்லை. கடலோரமாகவே போய்ப் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரையைத் தொடுவது திட்டம். பத்து நாள் விடுப்பு இருவருக்கும் சேர்ந்தாற்போலக் கிடைத்தது ஐப்பசியில்தான். அடைமழைக் காலத்தில் சைக்கிள் பயணமா என்று கேட்காதவர் இல்லை. தமிழ்நாட்டுக்கு ஒரு வருடத்தில் பெய்யும் மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்தில் பெய்துவிடுகிறது. அந்த மூன்று மாதமும் வீட்டுக்குள் இருந்துவிட்டால் இந்த ஊரின் பாதியைப் பார்க்காமலே போய்விடுவோம் என்பது அவர் சொன்ன பதில். எனக்கு அது பிடித்திருந்தது.

கூடாரம் வாங்கியதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தோம். யாரையும் கேட்டு நிற்க வேண்டியதில்லை, இருட்டுகிற இடத்தில் நமக்கு நாமே வீடு என்று. அந்த எண்ணம் அதிக நாள் நிற்கவில்லை.

மழையில் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், அதில் ஓட்டாதவர்களுக்கு. முதல் ஒரு மணி நேரம்தான் நனைகிறோம் என்று தெரியும். அதற்குப் பிறகு நனைவது என்ற ஒன்று இல்லை. உடம்பு மழைக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். பெடல் மிதிக்கிறவரை குளிராது. நிறுத்தினால் இரண்டே நிமிடத்தில் பல் கிட்டும். பிரேக்கை அழுத்தினால் உடனே பிடிக்காது. பிரேக் கட்டை முதலில் ரிம்மில் இருக்கும் நீரைத் துடைக்க வேண்டும். சக்கரம் ஒன்றிரண்டு சுற்று சுற்றிய பிறகுதான் பிடி கிடைக்கும். நாய் குறுக்கே வரும்போது அந்த ஒன்றிரண்டு சுற்று எவ்வளவு நீளமானது என்று தெரியும். சாலையோரத்து மணல் செயினில் ஏறி நறநறவென்று அரைக்கும். பஞ்சரும் மழையில்தான் அதிகம். காய்ந்த டயர் தட்டிவிட்டுப் போகிற கண்ணாடிச் சில்லு, ஈர டயரில் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும்.

மரக்காணத்துக்குப் பக்கத்தில் எனக்குப் பஞ்சரானது. இரு பக்கமும் உப்பளங்கள். பாத்திகளெல்லாம் மழைநீரில் மூழ்கி ஏரியாகிக் கிடந்தன. கோடையில் வாரிக் குவித்த உப்பைக் கீற்று போட்டு மூடி வைத்திருந்தார்கள், வரிசையாக, குடிசைகள் மாதிரி. ஆள் நடமாட்டமே இல்லை. மழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை கிடையாது. அடுத்து வேலை தையில்தான், மாசியில்தான். பாதிச் சுவரும் முழுக் கூரையுமாக இருந்த ஒரு நிழற்குடையில் சைக்கிளைக் கவிழ்த்தோம். ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தண்ணீர்த் தட்டு தேட வேண்டியிருக்கவில்லை. சாலைப் பள்ளத்தில் டியூபை அமுக்கினேன், குமிழி வந்தது. ஒட்டுவதுதான் பாடு. ரப்பர் காய்ந்தால்தான் சொல்யூஷன் பிடிக்கும். அவர் சட்டைக்குள் வைத்திருந்த கைக்குட்டைதான் எங்களிடம் இருந்த ஒரே உலர்ந்த துணி. அதனால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, நான் குனிந்து முதுகால் சாரலை மறைத்துக்கொள்ள, அவர் சொல்யூஷனைத் தடவி ஊதினார். ஈரக்காற்றில் அது காயவே மறுத்தது. இரண்டு முறை பிய்ந்து வந்தது. மூன்றாம் முறை, ஒட்டிய இடத்தை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தார், குருவிக்குஞ்சைப் பிடித்திருப்பவர் மாதிரி. அந்த ஒட்டு இன்றைக்கும் அந்த டியூபில் இருக்கிறது.

எனக்குச் சைக்கிள் அம்மாவிடமிருந்து வந்தது. நாங்கள் புதுக்கோட்டைப் பக்கம். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது எனக்கு ஏழு வயது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். ஊருக்கு ஊர் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் பலர் பழகியது பார் வைத்த ஆண்கள் சைக்கிளில்தான். அம்மாவும் அப்படித்தான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்து ஓட்டுவாள். என் உச்சந்தலையில் அவள் மோவாய் இடிக்கும். மூச்சு வாங்கும் சத்தம் காதுக்குப் பக்கத்திலேயே கேட்கும். அதற்கு முன்பு அவளைப் பற்றி ஊரில் சொல்வது, எழுதப் படிக்கத் தெரியாத எல்லாரையும் பற்றிச் சொல்வதுதான்: மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவள். உண்மையில் அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியிருக்கிறாள். ஆடு மேய்க்கும்போது மழை வந்தால் அங்கேதான் நிற்பாளாம். வகுப்புக்குள்ளிருந்து பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கும் சத்தம் தாழ்வாரம்வரை கேட்குமாம். மழை விட்டதும் வாத்தியார் விரட்டிவிடுவாராம். இதை அவள் கோபமில்லாமல்தான் சொல்வாள். எனக்குத்தான் அந்தப் பழமொழியைக் கேட்கும்போதெல்லாம் உள்ளே எதுவோ குறுக்கே நிற்கும்.

இந்தப் பயணத்தில்தான் அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒதுங்குதல். பஸ் பின்னாலிருந்து ஹாரன் அடித்தால் தாருக்கு வெளியே மண்ணில் இறங்கி ஒதுங்க வேண்டும். மழை வலுத்தால் எங்காவது ஒதுங்க வேண்டும். பெண் என்றால் இன்னொன்றுக்கும் ஒதுங்க வேண்டும். ஒரு நாளைக்கு எழுபது கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிற பெண்ணுக்கு மிகப் பெரிய கவலை மேடுமில்லை, காற்றுமில்லை, அதுதான். பெட்ரோல் பங்க்குகளில் கழிப்பறைக்குப் பூட்டு தொங்கும். சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருப்பார். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டி, மதியத்துக்கு மேல் தலை கிறுகிறுத்து நின்றிருக்கிறேன். மழையில் மட்டும் இது கொஞ்சம் இலகு. சாலையில் ஆளிருக்காது, சவுக்குக்குள் பத்தடி போனால் மழை திரை கட்டிவிடும். மழைக்கு நான் நன்றி சொல்லும் காரணங்களில் இது ஒன்று, எழுதக் கூச்சமில்லை.

மூன்றாம் நாள் மாலை கடலூரைத் தாண்டி ஒரு மீனவர் ஊர். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று கடலுக்குப் போக வேண்டாம் எனச் சொல்லியிருந்தார்கள். படகுகளை மேட்டில் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். மணலில் இடம் பார்த்து நாங்கள் கூடாரத்தை விரிக்கத் தொடங்கியபோது, அறுபது வயதிருக்கும் ஓர் அம்மாள் குடையோடு வந்து நின்றார்.

"ஏந்தம்பி, இந்தத் துணிய நம்பியா கடக்கரையில படுக்கப் போறீங்க? காத்து எங்கேருந்து வருதுன்னு பாத்தியளா?"

"வடகிழக்குலேருந்துங்கம்மா" என்றார் இவர்.

"வாடையும் கொண்டலும் கலந்து அடிக்குது. ராத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிரும். வலக்கூடத்துல வந்து படுங்க."

வலை பின்னும் கூடம் அது. சிமெண்டுத் தரை, தூண்கள், மேலே கூரை, நாலு பக்கமும் திறப்பு. மடித்து வைத்த வலைகளின் மேல் மீன் வாசம். அந்த அம்மாள் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குண்டானில் குழம்பும் சோறும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கேட்காமலே 2004 டிசம்பர் சுனாமி பற்றிச் சொன்னார். அவருடைய நாத்தனார் மகள். மூன்றாம் நாள் இரண்டு ஊர் தள்ளிக் கரை ஒதுங்கினாள் என்றார். கட்டியிருந்த பாவாடையைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். அதைச் சொல்லிவிட்டு, "இன்னுங் கொஞ்சம் சோறு வச்சுக்க பாப்பா" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒதுங்கினாள். அந்தச் சொல்லுக்குள் இதுவும் இருக்கிறது என்று எனக்குத் தெரியாததா? செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருக்கிறேன். ஆனால் அதே வாயால், அதே மூச்சில், எங்களையும் வந்து ஒதுங்கச் சொன்னவர் சொல்லிக் கேட்டபோது வேறாக இருந்தது.

காற்றைப் பற்றி அந்த அம்மாள் கேட்ட கேள்வி மறுநாள் வேறொரு விதத்தில் வேலை செய்தது. கிளம்பிய நாளிலிருந்து இவர்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தார். எதிர்காற்றைத் தான் வாங்கிக்கொண்டால் பின்னால் வரும் எனக்கு மிதிப்பது இலகுவாக இருக்கும் என்ற கணக்கு. கணக்கு சரிதான், எதிர்காற்று இருந்தால். ஐப்பசியில் இந்தக் கரையோரமாகத் தெற்கே போகிறவருக்குக் காற்று முதுகுப் பக்கம்தான். ஆக, அவர் முன்னால் போவதால் எனக்குக் கிடைத்தது காற்றுத் தடுப்பு இல்லை. அவருடைய பின்சக்கரம் வாரியடித்த சேறுதான். மூன்று நாளாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். நல்ல மனதோடு ஒருவர் செய்வதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டிலும் எனக்கு அதே வழக்கம்தான்.

நவம்பர் 11, வெள்ளிக்கிழமை. சிதம்பரத்தை விட்டுக் கிளம்பும்போதே வானம் தரைக்கு வந்திருந்தது. அதுவரை நாங்கள் பார்த்தது மழையே இல்லை என்று ஆகிவிட்டது. துளி என்று எதுவும் இல்லை, ஊற்றியது. கொள்ளிடப் பாலத்துக்கு முன்பு வடகரையில் ஒரு நிழற்குடை. இனி முடியாது என்று நினைத்து நான் மணியை அடித்தேன். அடித்துக்கொண்டே இறங்கி ஒதுங்கினேன். அவருக்குக் கேட்கவில்லை. மழை, சைக்கிளின் எல்லாச் சத்தத்தையும் தின்றுவிடுகிறது. சாதாரண நாளில், பின்னால் வருகிறவரின் செயின் சத்தமும் மட்கார்டு கிலுகிலுப்பும் முன்னால் போகிறவர் காதில் விழுந்துகொண்டே இருக்கும். திரும்பிப் பார்க்காமலே ஆள் இருப்பது தெரியும். அன்று அது இல்லை. அவருடைய மஞ்சள் மழைச்சட்டை பாலத்தின் மேல் ஏறி, சின்னதாகி, மழைக்குள் போய்விட்டது.

அரை மணி நேரத்துக்கு மேல் நின்றேன். கைப்பேசியை எடுத்தால் நனைந்துவிடும் என்று எடுக்கவில்லை. உண்மையான காரணம் அதுவல்ல, கோபம்தான். திரும்பிப் பார்க்க வேண்டுமென்று தோன்றவில்லையே என்ற கோபம். கொள்ளிடம் கீழே செந்நிறமாக, கரை முட்ட, அவசரமே இல்லாததுபோலப் போய்க்கொண்டிருந்தது. மேட்டூர் நிரம்பிய வருடம் அது. பக்கத்தில் ஒதுங்கி நின்ற நடவுப் பெண்கள் நான்கைந்து பேர், உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்தார்கள். என் மழைச்சட்டை ஆயிரத்து எண்ணூறு ரூபாய். உள்ளே வியர்வையில் நான் முழுக்க நனைந்திருந்தேன். கொங்காணிக்குள் அவர்கள் முதுகு உலர்ந்திருந்தது.

அவர் திரும்பி வந்தார். கடைத்தெரு வரைக்கும் போய்விட்டு, டீக்கடையில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தபோதுதான் நான் இல்லை என்று தெரிந்ததாம். பாலத்தில் வரும்போது கைப்பிடிச் சுவரை எட்டி எட்டி ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தேன் என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு நான் சொல்ல வைத்திருந்தது எதையும் சொல்லவில்லை. அவரும் வேறு எதுவும் சொல்லவில்லை. சைக்கிளை எடுத்தபோது, மண்ணில் இறங்கி ஒதுங்கி நின்று, "நீ முன்னால போ" என்றார்.

அதன் பிறகு பயணம் முடியும்வரை நான்தான் முன்னால் போனேன். மெதுவாகப் போகிறவர் முன்னால் போக வேண்டும். வேகமானவர் பின்னால் வர வேண்டும். இவ்வளவு எளிய விஷயம். நடந்து யாத்திரை போகிற கூட்டத்தில்கூட வயதானவர்களை முன்னால் விட்டுத்தான் நடப்பார்கள்.

பாலத்தைத் தாண்டிச் சில கிலோமீட்டருக்குள் சாலையில் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது. ஓர் ஊரின் தொடக்கப்பள்ளியில் ஒதுங்கினோம். மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை. சத்துணவுக் கூடத்துச் சாவி வைத்திருந்த அக்கா எதிர்வீட்டுக்காரர். தலைமையாசிரியருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, "தாவாரத்துல இருந்துக்குங்க, ராவுல தண்ணி வந்தா உள்ள போயிருங்க" என்று ஒரு வகுப்பறையையும் திறந்து வைத்தார். தாழ்வாரத்தில் கூடாரத்தை விரித்தோம். சிமெண்டில் முளை அடிக்க முடியாது. நான்கு மூலைக்கும் செங்கல் வைத்தோம்.

இரவு பத்து மணிக்கு மேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் இரண்டு குடும்பம், பிறகு கைக்குழந்தைக்காரிகள், பிறகு ஊரே. ஆடுகள், கோழிக்கூடை, ரேஷன் கார்டு வைத்த பிளாஸ்டிக் பை. மறுநாள் காலை எட்டரை வரையிலான 24 மணி நேரத்தில் சீர்காழியில் 44 சென்டிமீட்டர் மழை. நூறு வருடத்துக்கு மேலாகக் காணாத மழை என்று பிறகு பேப்பரில் போட்டார்கள். அங்கே இருந்த எங்களுக்கு எண் எதுவும் தெரியாது. கரண்ட் போய்விட்டது. டார்ச் வெளிச்சத்தில் தெரிந்ததெல்லாம் வாசற்படி. முதலில் மூன்று படி, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. ஒன்றோடு நின்றது.

அந்தப் பள்ளியில் ஐந்தாறு நாள் இருந்தோம். சாலை திறந்த பிறகும் கிளம்ப மனம் வரவில்லை. எங்கள் சின்ன கேஸ் அடுப்பு முதல் இரண்டு நாள் குழந்தைகளுக்குப் பால் காய்ச்சப் பயன்பட்டது. இவர் சைக்கிள் பம்பையும் சொல்யூஷனையும் வைத்துக்கொண்டு, தண்ணீரில் மூழ்கிக் கிடந்த ஊர்ச் சைக்கிள்களை, பெரும்பாலும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்தவை, ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டார். நான் அரிசி களைந்தேன், காய் நறுக்கினேன். 14ஆம் தேதி முதலமைச்சர் வந்து பார்த்துவிட்டு, சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாய் அறிவித்தார். நட்டிருந்த சம்பா அழுகிக்கொண்டிருந்தது. ஆயிரம் ரூபாய்க்குக் களைக்கூலிகூட வராது என்று ஒரு பெரியவர் மெல்லிய குரலில் சொன்னார்.

பள்ளியில் இரண்டு கட்டடம். தெருக்காரர்கள் புதுக் கட்டடத்தில். காலனிக்காரர்கள் பழைய ஓட்டுக் கட்டடத்தில். யாரும் வரிசை கட்டிப் பிரித்துவிடவில்லை. இருட்டில், மழையில், இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தவர்கள் தாங்களாகவே எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் போனார்கள். எங்கள் கூடாரம் இரண்டுக்கும் நடுவே தாழ்வாரத்தில் இருந்தது. இருபுறமிருந்தும் பிள்ளைகள் வந்து அதற்குள் நுழைந்து விளையாடினார்கள். பெரியவர்கள் இந்தப் பக்கமே நின்று அந்தப் பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒதுங்கு என்று ஒருவரைப் பார்த்து இன்னொருவர் சொல்வதும் இதே சொல்தான். ஒதுங்க இடம் கொடுத்தவர்களும் உண்டு. தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேசுவரம் போகும் யாத்ரிகர்களுக்காக வழியெங்கும் சத்திரங்கள் கட்டினார்கள். இரண்டாம் சரபோஜி கட்டிய ஒரத்தநாட்டுச் சத்திரம் 1802இலிருந்து நிற்கிறது. போகிறவன் வருகிறவனுக்குச் சோறும் கூரையும் கொடுத்த பெருந்தன்மை அது. இந்த மண்ணின் மேல் எனக்குள்ள பிரியத்தில் அந்தச் சத்திரங்களுக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் சத்திரம் என்றாலே பந்தி என்ற கேள்வியும் வந்துவிடும்: யார் உள்ளே, யார் முற்றத்தில், யார் வாசலுக்கு வெளியே.

எங்களுக்குச் சரியாக 125 வருடத்துக்கு முன்பு, 1897இல், ஒரு தம்பதி சைக்கிளோடு இந்தியாவுக்கு வந்தார்கள். ஃபேனி புல்லக் வொர்க்மன், வில்லியம் ஹன்டர் வொர்க்மன் என்ற அமெரிக்கர்கள். தெற்கத்திக் கோயில்களிலிருந்து வடக்கே இமயம்வரை போனார்கள். 1904இல் அவர்கள் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பு 14,000 மைல் கணக்குச் சொல்கிறது. அந்த அம்மையார் பிற்பாடு, 1912இல், காரகோரம் பனிமலையின் மேட்டுவெளியில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்கும் தாளைக் கையில் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டவர். நீண்ட பாவாடையோடு நம் ஊர்ச் செம்மண் சாலைகளில் அவர் சைக்கிள் மிதித்துப் போவதை நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு வெள்ளைக்காரிக்கு அன்று பயணியர் மாளிகையின் கதவு திறந்தது. அதே மழையில் நடந்து வந்த ஓர் உள்ளூர்ப் பெண்ணுக்கு எந்தக் கதவு திறந்திருக்கும்?

பள்ளியின் கழிப்பறை முதல் இரவே மூழ்கிவிட்டது. விடிவதற்கு முன், நாலு மணிக்கு, யாரோ என் காலைத் தொட்டார்கள். "வா பாப்பா, இருட்டோட போயிட்டு வந்துருவோம்." பத்துப் பதினைந்து பெண்கள். இரண்டு கட்டடத்திலிருந்தும். சாலை மேட்டில் மட்டும்தான் தரை இருந்தது. கையில் குடை, ஒருத்தியிடம் டார்ச். சிலர் போக, மற்றவர்கள் வெளிப்பக்கம் திரும்பி வட்டமாக நின்று புடவைத் தலைப்புகளைச் சேர்த்துப் பிடித்தார்கள். பிறகு இடம் மாறினோம். நானும் முறை வந்தபோது என் மழைச்சட்டையைக் கழற்றி விரித்துப் பிடித்தேன். எனக்கு இடப்பக்கம் நின்றவர் தெருக்காரர், வலப்பக்கம் நின்றவள் காலனிக்காரி. டார்ச்சை அணைத்துவிட்டார்கள். பேச்சு ஒன்றுமில்லை, மழைச் சத்தம் மட்டும். விடிந்ததும் அவரவர் கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். ஐந்து நாளும் அப்படித்தான். அந்த வட்டத்தைப் பற்றிப் பகலில் யாரும் பேசவில்லை.

இரண்டாம் நாள் அம்மாவுக்குப் போன் செய்தேன். சார்ஜ் நாலு சதவீதம் இருந்தது. டிவியில் சீர்காழியைக் காட்டுகிறார்களே என்று பதறிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா இருக்கீங்க ரெண்டு பேரும்?"

"ஒரு பள்ளிக்கூடத்துல ஒதுங்கியிருக்கோம்மா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"பள்ளிக்கூடத்துலயா? உள்ளயா இருக்க?"

"உள்ளதான்."

"அப்ப சரி" என்றாள்.

போன் அணைந்துவிட்டது. கரும்பலகையில் வியாழக்கிழமைத் தேதியும் வருகைப் பதிவும் அப்படியே இருந்தன. அதற்குக் கீழே ஓர் ஆட்டுக்குட்டி படுத்திருந்தது.

கோடியக்கரைக்கு நாங்கள் போகவில்லை. விடுப்பு முடிந்துவிட்டது. 17ஆம் தேதி விடிகாலையில் வைத்தீசுவரன் கோயில் வழியாக மயிலாடுதுறைக்குக் கிளம்பினோம், அங்கிருந்து ரயிலில் சைக்கிள்களை ஏற்றிச் சென்னைக்குப் போக. சத்துணவு அக்கா எலுமிச்சம்பழச் சோறு கட்டிக் கொடுத்தார். இரு பக்கமும் வயல்களில் தண்ணீர் இன்னும் நின்றது. நாற்று நுனிகூடத் தெரியவில்லை. நான் முன்னால். பின்னால் அவருடைய செயின் சத்தம், எண்ணெய் போட்டதால் முன்னைவிட மெலிதாக, ஆனால் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

மயிலாடுதுறைக்குள் நுழைந்தால் ஒரே கூட்டம். அன்று கார்த்திகை முதல் நாள், முடவன் முழுக்கு. ஐப்பசி மாதம் முழுக்கக் காவிரித் துலாக்கட்டத்தில் நீராடுவார்கள். கடைசி நாள் கடைமுகம். நடக்க முடியாத ஒருவர் ஐப்பசிக்குள் வந்துசேர முடியாமல், மாதம் முடிந்த பிறகு வந்து கரையில் அழுதார் என்றும், அவருக்காகச் சிவன் ஒரு நாளைச் சேர்த்துக் கொடுத்தார் என்றும் கதை. அந்த ஒரு நாள்தான் இது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த கதை. ஆனால் அந்த நாளில் அந்த ஆற்றங்கரையில் நின்றதில்லை.

ரயிலுக்கு நேரமிருந்தது. அவர் மேற்படியில் இரண்டு சைக்கிளையும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் குளித்துவிட்டு வந்தால் அவர் போவதாகப் பேச்சு. கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியில் ஒருவர் வந்து எங்கள் சைக்கிளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "கொஞ்சம் பாத்துக்குங்க சார்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, உள்ளங்கைகளில் ரப்பர்ச் செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினார். ஒரு படிக்குக் கையை ஊன்றி, அடுத்த படிக்கு உடம்பை இறக்கி. எனக்கு முன்னால்தான் போனார். பாசிப் படிகள், தூறல் வேறு. அவருக்குப் பின்னால் நானும் ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கினேன். காவிரி கலங்கலாக, நடுவிலிருக்கும் நந்தி மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு ஓடியது. திரும்பிப் பார்த்தேன். மூன்று வண்டியையும் பிடித்தபடி, மஞ்சள் மழைச்சட்டையின் தொப்பியைக்கூடப் போட்டுக்கொள்ளக் கையில்லாமல், மேலே நனைந்துகொண்டிருந்தார்.